பன்னிரண்டு நாற்பத்தேழு

பிப்ரவரி 7, திங்கள்

நெட் நத்தையாக ஊர்கிறது என்று காலையிலிருந்து மூன்று துறைத்தலைவர்கள் போன் செய்துவிட்டார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எண்ணூறு கணினிகளுக்கு ஒரே ஒரு குட்டி இணைப்பை வாங்கிக் கொடுத்தவர்களிடம் போய்க் கேட்க மாட்டார்கள். லில்லி புஷ்பம் என்ற ஒருத்தி சர்வர் அறையில் இருக்கிறாள், அவள் தலையில் கட்டிவிட்டால் போதும்.

மெக்கானிக்கல் தலைவருக்கு மட்டும் பொறுமையாக விளக்கினேன். கல்லூரியில் யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அது என் அறையில் இருக்கும் ப்ராக்ஸி பெட்டி வழியாகத்தான் போகும். ஒருவர் கேட்டதைப் பெட்டி சேமித்து வைத்துக்கொள்ளும். அடுத்தவர் அதையே கேட்டால் வெளியே போகாமல் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். ஒவ்வொரு கேட்புக்கும் லாக்கில் ஒரு வரி எழுதும். நேரம், கணினி, முகவரி, கையிருப்பா வெளியிலிருந்தா, எல்லாம் அதில் இருக்கும். தலையாட்டிவிட்டு, "அப்போ ஸ்பீடு எப்பம்மா வரும்?" என்றார். காலை ஒன்பது பத்திலிருந்து அவர் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்ததை நான் சொல்லவில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

மாலையில் பிரம்மநாயகம் சாரைப் பார்த்தேன். எனக்கு நெட்வொர்க் பாடம் நடத்தியவர். இப்போது தேர்வுப் பிரிவின் பொறுப்பாளர். என் பணி நிரந்தரக் கோப்பு தாளாளர் மேசைக்குப் போய்விட்டதாம். "நான் ரெண்டு வரி நல்லா எழுதிருக்கேன்ம்மா" என்றார். ஆறு வருடமாகத் தற்காலிகம். வீட்டுக்கு வந்து என் கணவர் ஆசீரிடம் சொன்னேன். அவர் ஓவியத் தாளிலிருந்து நிமிராமலே, "அப்போ இனிமேயாவது ராத்திரி தூங்குவியா?" என்று கேட்டார்.

பிப்ரவரி 8, செவ்வாய்

ஏசி மறுபடி ஒழுகுகிறது. தேர்வுப் பிரிவு டைப்பிஸ்ட் இசக்கியம்மாள் எங்கிருந்தோ ஒரு நீல வாளி கொண்டுவந்து வைத்துவிட்டு, "லில்லிக்கா, இது நெறஞ்சா கூப்பிடுங்க" என்றாள். நல்ல பெண். வாய் மட்டும் ஓயாது.

பன்னிரண்டேகாலுக்குச் சாப்பிடப் போகும்போதே வெளியே ஏற்றும் பாதை அடைத்துக்கொண்டிருந்தது. யாரோ பெரிதாக எதையோ ஏற்றுகிறார்கள். பசி. அப்புறம் பார்க்கலாம் என்று போய்விட்டேன்.

பிப்ரவரி 9, புதன்

சாதனை! ஆண்கள் விடுதியில் இன்று மாலை ஒரே பெரிய கோப்பை முப்பத்தெட்டு பேர் இறக்கியிருக்கிறார்கள். முதல் ஆளுக்கு மட்டும்தான் வெளியிலிருந்து வந்தது. மீதி முப்பத்தேழு பேருக்கும் என் பெட்டியே கையிருப்பிலிருந்து கொடுத்துவிட்டது. பெரிய கோப்புகளையும் சேமிக்கும்படி போன மாதம் நான்தான் அளவைக் கூட்டி வைத்தேன். இணைப்பு துளிகூடத் திணறவில்லை.

நாளை மாதிரித் தேர்வு தொடங்குகிறது. ஒருவழியாக நெட்டை விட்டுவிட்டுப் படிப்பார்கள்.

பிப்ரவரி 10, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்தால் எனக்கே என்னை அறையலாம் போலிருக்கிறது.

அந்தக் கோப்பு வினாத்தாள். ஒன்றல்ல, ஆறு பாடமும். ஸ்கேன் செய்து, ஒரே கட்டாக்கி, கோப்புகளைப் போட்டு வைக்கும் ஏதோ ஒரு தளத்தில் யாரோ ஏற்றியிருக்கிறார்கள். அந்த இணைப்பு விடுதியில் பரவியிருக்கிறது. அதை வரிசையில் நின்ற முப்பத்தேழு பேருக்குச் சுடச்சுடப் பரிமாறியது என் பெட்டி.

தேர்வை ஒத்திவைத்துவிட்டார்கள். முதல்வர் ஆவுடையப்பன் அறையில் ஒரே கூச்சல். தாளாளர் வெள்ளை வேட்டியோடு நடந்துகொண்டே இருந்தார். "வெளிய இருந்து எவனும் வரல. உள்ள இருக்கவன்தான் ஏத்திருக்கான். அந்த மிஷினு எல்லாத்தையும் எழுதும்லா? எனக்குப் பேரு வேணும்" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 11, வெள்ளி

பிடித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை லாக்கில் நான்கு லட்சத்துச் சொச்சம் வரிகள். அந்தத் தளத்தின் பெயரைக் கொடுத்துத் தேடியதும் ஏற்றியது ஒரே ஒரு வரியாக வந்து நின்றது. தேர்வுப் பிரிவுக் கணினி. மதியம் பன்னிரண்டு நாற்பத்தேழு. கையும் களவுமாக என்பார்களே, அப்படி.

அச்செடுத்து முதலில் பிரம்மநாயகம் சாரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து இரண்டாவது கட்டத்தை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு அடித்தார்.

"தாளாளருக்கு இம்புட்டு நம்பர் எதுக்கு? கொழம்பிருவாரு. நேரம், கம்ப்யூட்டர், முகவரி. மூணு போதும்."

அவருக்கு எப்போதும் அந்தச் சுத்தம் உண்டு. வேண்டாததை வைக்க மாட்டார். மூன்று கட்டத்தோடு அழகாக மறுபடி அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் சாவிப் பதிவேடு வந்தது. தேர்வுப் பிரிவில் யார் கையில் எப்போது சாவி என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். பதினொன்று ஐம்பதிலிருந்து பன்னிரண்டு இருபது வரை பிரம்மநாயகம் சார். பன்னிரண்டு இருபதுக்கு அவர் சாப்பிடப் போனார். அதற்குப் பிறகு ஒன்று பத்து வரை இசக்கியம்மாள் தனியாக.

முதல்வர் அவளைக் கூப்பிட்டார். உள்ளே வரும்போது சிரித்துக்கொண்டே வந்தாள். "ஏதோ டைப் பண்ணணும்னு நெனச்சேன் சார்" என்றாள்.

பிப்ரவரி 12, சனி

இசக்கியைத் தற்காலிகமாக நீக்கிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை விசாரணை. அன்று முடிவானால் திங்கட்கிழமை போலீசில் புகார். சாதாரண வேலைநீக்கம் இல்லை, ஜெயில் வரை போகும் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள்.

அவள் அழவில்லை. "நான் அந்த நேரம் ஹால் டிக்கெட்தான் அடுக்கிட்டிருந்தேன், கம்ப்யூட்டர் மானிட்டர் கூட ஆப்லதான் இருந்துச்சு" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள். யார் கேட்பார்கள்? லாக்கில் இருக்கிறதே.

எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். தாளாளர், "இந்தப் பொண்ணு இருக்க வரைக்கும் எனக்குக் கவலை இல்ல" என்றாராம்.

பிப்ரவரி 13, ஞாயிறு

கோயிலுக்குப் போய்விட்டு வந்து மாவு ஆட்டினேன். மூன்று போர்வை துவைத்தேன். ஆசீர் சட்டைகளுக்குப் பித்தான் தைத்தேன். உட்கார முடியவில்லை.

பிப்ரவரி 14, திங்கள்

சிவில் துறையில் மறுபடி வேகப் புகார். சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு பெரிய கோப்பை என் கணினியில் இறக்கப் போட்டேன். பத்து பத்துக்குப் போட்டேன். சரியாகத் தெரியும், அப்போதுதான் கேன்டீன் டீ வந்தது. முடிந்தபோது பதினொன்று இருபத்தைந்து.

லாக்கில் என் வரியைத் தேடினேன். நேரம் பதினொன்று இருபத்தைந்து என்று இருந்தது.

பத்து பத்துக்கு எந்த வரியும் இல்லை. இரண்டு தரம் பார்த்தேன். பிறகு வேறொரு கோப்பைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். இறங்கிக்கொண்டிருக்கும்போது லாக்கில் ஒன்றுமே எழுதவில்லை. முடிந்த பிறகுதான் வரி விழுந்தது.

அதாவது பெட்டி எழுதுவது கேட்ட நேரத்தை அல்ல, முடித்த நேரத்தை. சாதாரணப் பக்கம் ஒரு விநாடிக்குள் வந்துவிடும். அதற்குத் தொடக்கமும் முடிவும் ஒன்றுதான். ஆறு வருடமாக அந்த வித்தியாசம் எனக்குத் தேவைப்படவே இல்லை. எவ்வளவு நேரம் பிடித்தது என்பது இரண்டாவது கட்டத்தில் இருக்கிறது, மில்லிசெகண்டில். சார் அடித்த கட்டம்.

செவ்வாய்க்கிழமைக் கோப்பைத் திறந்து பார்த்தேன். இருபத்து நான்கு லட்சத்து அறுபதாயிரம். கணக்குப் போட்டால் நாற்பத்தொரு நிமிடம். பன்னிரண்டு நாற்பத்தேழிலிருந்து நாற்பத்தொன்றைக் கழித்தால் பன்னிரண்டு ஆறு.

சந்தேகமே வேண்டாம் என்று இந்த நாட்குறிப்பிலேயே செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திருப்பினேன். பன்னிரண்டேகாலுக்கே பாதை அடைத்துக்கொண்டிருந்தது என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

பன்னிரண்டு ஆறுக்கு இசக்கி அந்த அறையில் இல்லை.

நாளைக்கு இன்னொரு தரம் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் யாரிடமும் சொல்ல வேண்டும். அவசரப்படக் கூடாது.

பிப்ரவரி 15, செவ்வாய்

மாணவர்களின் லேப் கையேட்டில் முப்பத்தோராம் பக்கத்தில் தெளிவாகவே இருக்கிறது: முதல் கட்டம், கேட்பு முடிந்த நேரம். எழுதியவர் பெயர் அட்டையில் இருக்கிறது: பிரம்மநாயகம். மூடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 16, புதன்

பெட்டி பழைய லாக்குகளைப் பத்து நாள்தான் வைத்திருக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு எண் கூடும், பத்தைத் தாண்டியது அழிந்துவிடும். வட்டில் இடமில்லை என்று நான்தான் அப்படி வைத்தேன். செவ்வாய்க்கிழமைக் கோப்பு இன்று எட்டாவது. வெள்ளிக்கிழமையோடு போய்விடும். நகல் எடுக்க அரை நிமிடம்கூட ஆகாது. இன்று பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை இருந்ததால் எடுக்கவில்லை.

சரி, பேட்டரி வேலை பதினைந்து நிமிடம்தான்.

ஆறு மணிக்கு வீட்டு வாசலில் இசக்கி. கணவன் மொபெட்டைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு அங்கேயே நின்றுகொண்டான், உள்ளே வரவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஓயாமல் பேசும் பெண் அப்படி உட்கார்ந்தால் பார்க்கச் சகிக்கவில்லை.

"லில்லிக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். மிஷினு தப்பா எழுதுமா?"

"எழுதாது" என்றேன். உண்மைதானே. மிஷின் தப்பாக எழுதவில்லை.

"அதான் எனக்கும் ரோசனையா இருக்கு. நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல. மிஷினும் பொய் சொல்லாது. அப்போ நாந்தான் ஹால் டிக்கெட்ட வைக்கும்போது கீபோர்டுல கை பட்டு எதையாவது அமுக்கிட்டேனோ? எனக்குத் தெரியாமலே நடந்துருக்குமோ?"

"அப்படியெல்லாம் தெரியாம ஏறாது இசக்கி."

"பின்ன எப்பிடிக்கா?"

நான் எழுந்து அடுப்புப் பக்கம் போனேன். மாமியார் வீட்டில் யாரும் அவளோடு பேசுவதில்லையாம். காசு வாங்கிக்கொண்டு விற்றுவிட்டாள் என்று தெருவில் பேச்சாம். கணவன் மட்டும், "நீ செஞ்சியா, சொல்லு, செஞ்சாலும் பரவால்ல" என்று தினமும் கேட்கிறானாம். "அதுதாங்க்கா தாங்க முடியல" என்றாள்.

அவள் போன பிறகு ஆசீர், "ஏன் அந்தப் பிள்ள மொகத்தப் பாக்காமலே பேசுன?" என்று கேட்டார். அடுப்பில் பால் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

பிப்ரவரி 17, வியாழன்

இசக்கி கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அலுவலகக் கண்காணிப்பாளர் எல்லோர் முன்னாலும் படித்தார். "கணினியில் என் கைதவறுதலால் எனக்குத் தெரியாமலே இந்தத் தவறு நடந்திருக்கலாம். இயந்திரம் பொய் சொல்லாது என்று லில்லி மேடம் சொன்னார்கள். என்னை மன்னித்து போலீசுக்குப் போகாமல் விட்டுவிட வேண்டுகிறேன்." அச்சில் ஒரு எழுத்துப்பிழை இல்லை. அவளே டைப் செய்திருக்கிறாள்.

"ஒத்துக்கிட்டாள்லா, பெறகென்ன" என்றார் கண்காணிப்பாளர். தாளாளர் இதைக் கேட்டு இன்னும் கோபப்பட்டாராம். கைதவறுதலாம் கைதவறுதல், புகார் கட்டாயம் உண்டு என்றாராம்.

கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவள் கடிதத்தில் என் பெயர் இருக்கிறது. என்னை நம்பித்தான் அதை எழுதினாள். நான் மூன்று நாளாக எதை யோசித்துக்கொண்டிருந்தேன் என்று இங்கேயாவது எழுதிவிடுகிறேன்: என் கோப்பு தாளாளர் மேசையில் இருக்கிறது. என் அறிக்கை தப்பு என்றால் அது அங்கே இருக்காது. பெயரைச் சொன்னால் எனக்காக இரண்டு வரி எழுதியவரின் பெயரைத்தான் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் பேட்டரித் தண்ணீர்.

பிப்ரவரி 18, வெள்ளி

பிரம்மநாயகம் சார் சர்வர் அறைக்கு வந்தார். இத்தனை வருடத்தில் முதல்முறை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒழுகுகிற ஏசியைப் பார்த்தார்.

"இத மாத்தச் சொல்லி எழுதிக் குடுக்கக் கூடாதா?"

"மூணு தரம் குடுத்தாச்சு சார்."

"நான் சொல்லுதேன்" என்றார். பிறகு, "செவ்வாக்கெழம லாக் இன்னையோட சரி, இல்லியா?" என்றார்.

பத்து நாள் கணக்கை நான் அவரிடம் சொன்னதே இல்லை. யாரிடமோ விசாரித்துக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

"ஆமா சார்."

"நீ பாத்துட்ட."

"பாத்துட்டேன் சார்."

அவர் என்னைப் பார்க்காமல் வாளியைப் பார்த்தே பேசினார். "பென்டிரைவ் வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னு ரூல் போட்டவனே நாந்தான். வீட்ல வச்சு ஒருக்கா பிழை பாத்துரலாம்னு ஏத்துனேன். ஏறிக்கிட்டு இருக்கட்டும்னு மானிட்டர ஆப் பண்ணிட்டுச் சாப்பிடப் போயிட்டேன். ராத்திரி வீட்ல தெறந்தேன். மறுநாள் எம்பையன் அதே கம்ப்யூட்டர்ல உக்காந்து அந்த லிங்க்க எடுத்திருக்கான். இங்கதான மூணாம் வருசம் படிக்கான். வெளிய வந்தா அவன் படிப்பே போயிரும்மா."

"இசக்கி ஜெயிலுக்குப் போவா சார்."

"போகாது. நான் பேசிச் சரிக்கட்டுதேன். அந்தப் புள்ளைக்கு வேற எடத்துல வேலையும் பாத்துக் குடுத்துருதேன். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தா மட்டும் போதும்."

அவர் குரல் கெஞ்சியது. எனக்குப் பாடம் நடத்திய குரல் அப்படிக் கெஞ்சியதைக் கேட்க வெட்கமாக இருந்தது. அவர் கேட்டதை ஐந்து நாளாக நான் கேட்காமலே செய்துகொண்டிருந்தேன் என்பது அதைவிடப் பெரிய வெட்கம்.

"மானிட்டர் ஆப்ல இருந்துச்சுன்னு அவ மொத நாளே சொன்னா சார்" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

நாலரை மணிக்கு அந்தக் கோப்பை நகல் எடுத்தேன். ஒன்றுக்கு மூன்று குறுந்தகட்டில். அவசரத்தில் முதல் தகடு கீறிவிட்டது, அதனால் நான்கு. மொத்த வேலைக்கும் பத்து நிமிடம் ஆனது. ஐந்து நாள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வேலை.

பிப்ரவரி 19, சனி

விசாரணை பதினோரு மணிக்கு. நீள மேசை. தாளாளர், முதல்வர், கண்காணிப்பாளர் ஒருபக்கம். பிரம்மநாயகம் சார் அந்த வரிசையிலேயே ஓரமாக, குழு உறுப்பினராக. எதிரே இசக்கி. எனக்கு நடுவில் நாற்காலி. உன் அறிக்கையைப் படி என்றார்கள்.

"அந்த அறிக்கை தப்பு சார்" என்றேன்.

முதல்வர் தனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, "சத்தமாப் படிங்க" என்றார். இன்னொரு தரம் சொன்னேன். முழு வரியையும் அச்செடுத்து மேசையில் வைத்தேன். இரண்டாவது கட்டத்தைத் தொட்டுக் காட்டினேன்.

தாளாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு விளங்குற மாதிரி சொல்லும்மா."

"பஸ் வந்து சேந்த நேரத்ததான் சார் மிஷினு எழுதிருக்கு. பொறப்பட்ட நேரம்னு நெனச்சு நான் தப்பாச் சொல்லிட்டேன். வந்து சேந்தது பன்னெண்டு நாப்பத்தேழு. வழியில நாப்பத்தோரு நிமிசம். பொறப்பட்டது பன்னெண்டு ஆறு. அதுக்கப்புறம் ஒருத்தரும் எதையும் தொட வேண்டியதில்ல, அது பாட்டுக்கு ஏறும். இசக்கியம்மாள் பன்னெண்டு இருபதுக்குத்தான் அந்த ரூமுக்குள்ளயே வந்தா."

கண்காணிப்பாளர் சாவிப் பதிவேட்டைப் புரட்டினார். விரலை வைத்துக் கீழே இறக்கி, ஒரு இடத்தில் நிறுத்தினார். படிக்கவில்லை. அப்படியே பக்கத்தில் நகர்த்திவிட்டார். தாளாளர் பார்த்தார், முதல்வர் பார்த்தார். கடைசியாகப் பதிவேடு ஓரத்தில் இருந்தவர் முன்னால் போய் நின்றது.

பிரம்மநாயகம் சார் கண்ணாடியைக் கழற்றினார். "கையெழுத்து என்னுதுதான்" என்றார். மறுத்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். மறுக்காமல் உட்கார்ந்திருந்தது எனக்கு அழுகையை வரவழைத்தது.

இசக்கிக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. "அப்போ நான் எதையும் அமுக்கலையா?" என்று கேட்டாள்.

"இல்ல இசக்கி. நீ ஒண்ணுமே செய்யல."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்போதுதான் முதல்வர் கேட்டார். "இது ஒங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

நேற்று என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நேற்றுதான் நகல் எடுத்தேன், குறுந்தகட்டில் தேதி இருக்கிறது, யாரும் மேலே கேட்க மாட்டார்கள். இசக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கும்பிடப் போகிறவளைப்போல அவள் கைகள் மேசைக்கு மேலே வந்திருந்தன.

"திங்கக்கெழம சார்."

"போன திங்கக்கெழமயா?"

"ஆமா."

"திங்கக்கெழமல இருந்து வாயில என்னத்த வச்சிருந்தீங்க?" என்றார் தாளாளர்.

இசக்கி விரல்களை மடக்கினாள். திங்கள், செவ்வாய், புதன் என்று எண்ணுகிறாள் என்று தெரிந்தது. புதனில் விரல் நின்றது. கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 23, புதன்

பிரம்மநாயகம் சார் ராஜினாமா கொடுத்துவிட்டார். பையனை ஒரு வருடம் நிறுத்திவைத்திருக்கிறார்கள். போலீசுக்குப் போகவில்லை, வெளியே தெரிந்தால் கல்லூரிக்குத்தான் கெட்ட பெயர் என்று தாளாளரே முடிவு செய்துவிட்டார். இசக்கிக்கு அந்த அக்கறையை யாரும் காட்டவில்லையே என்று எரிச்சலாக வந்தது. எரிச்சல்பட எனக்கு என்ன யோக்கியதை என்றும் வந்தது.

என் கோப்பு நேற்றே திரும்பி வந்துவிட்டது. "தற்போது பரிசீலிக்க இயலாது." ஆசீர் படித்துவிட்டு, "சரி விடு, ஏழாவது வருசம்" என்றார். நேற்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்று எழுத ஆசைதான். தூங்கவில்லை.

லாக்கை இனி அறுபது நாள் வைத்திருக்கும்படி மாற்றிவிட்டேன். புது வட்டு கேட்டு எழுதியிருக்கிறேன்.

மார்ச் 1, செவ்வாய்

இசக்கி இன்று வேலைக்குத் திரும்பினாள்.

தேர்வுப் பிரிவுக்குப் போகும் முன் நேராக என் அறைக்கு வந்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். மன்னிப்புக் கேட்க நான்கு நாளாக வார்த்தை தேடி வைத்திருந்தேன். "உக்காரு இசக்கி, டீ சொல்லட்டா?" என்றுதான் சொன்னேன்.

"வேண்டாம் மேடம். ஒரு கையெழுத்து வேணும்."

நாற்பது பக்க நோட்டு ஒன்றை மேசையில் வைத்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். தேதி, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அதே நான்கு கட்டம்.

"இது யாரு வைக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல மேடம். நானாத்தான்."

"ஆபீஸ்ல வருகைப் பதிவு இருக்குல்லா?"

"இருக்கு. ஆனா நீங்க போட்டாத்தான் நல்லது." கோபமே இல்லாமல் சொன்னாள். "நீங்க சொன்னாத்தான் இங்க எல்லாரும் நம்புதாங்க."

பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினாள். "நேரத்தையும் நீங்களே போட்டுருங்க மேடம்."

ஒன்பது ஐந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்து, நான் எழுதியதோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.